கார் ஓட்டத் தெரியும், பரீட்சை எதற்கு?

வாசகர் கேள்வி பதில்
பதில் சொல்பவர்: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் வாகனமோட்டும் பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரியை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இ-ஹெயிலிங், அதாவது கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார், ஓட்டுவதற்கான பி.எஸ்.வி. லைசென்ஸ் பற்றித்தான். ஒன்று லண்டனிலிருந்து கிளம்பி, சுங்கை சிப்புட் வழியாக என்னிடம் வந்திருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரியை வாழ்நாள் முழுக்க ஓட்டியவன் நான். ஜி.டி.எல். லைசென்ஸ் இருக்கிறது. சம்மன் ஒன்றுகூட இல்லை. இப்போது மகனின் மைவி கார் வீட்டில் சும்மா நிற்கிறது, கிரேப் இ-ஹெயிலிங் ஓட்டலாம் என்று போனால் வகுப்பில் உட்கார், பரீட்சை எழுது என்கிறார்கள். கார் ஓட்ட எனக்கா பரீட்சை?
- ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

அண்ணே, உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல. லாரி, டிராக்டர், பள்ளி வேன் என்று ஓட்டிப் பழகியவர்கள் என் வகுப்புக்கு வந்தால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு சுவரைத்தான் பார்ப்பார்கள். அனுபவத்துக்கு மரியாதை இல்லையே என்ற வருத்தம் அது. நியாயமான வருத்தம்தான். ஆனால் இந்தப் பரீட்சை உங்கள் ஓட்டும் திறமையைச் சோதிக்க வரவில்லை. யாரும் பக்கத்தில் உட்கார்ந்து ரிவர்ஸ் எடுக்கச் சொல்ல மாட்டார்கள், மேட்டில் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். ஓட்டத் தெரியும் என்பதை உங்கள் சி.டி.எல்., அதாவது முழு ஓட்டுநர் லைசென்ஸே சொல்லிவிட்டது.

ஜி.டி.எல். என்பது சரக்கு ஏற்ற. பி.எஸ்.வி. என்பது கூலி வாங்கிக்கொண்டு ஆளை ஏற்ற. ஒன்று இருப்பதால் மற்றொன்று வந்துவிடாது. முன்பு டாக்சி, பஸ் ஓட்டுபவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தியது. கைப்பேசியில் கூப்பிடும் கார்கள் வந்தபோது அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சட்டத்தில் இடமில்லை. 2017 ஜூலையில் நாடாளுமன்றம் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியது. 2018 ஜூலை 12 ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர்கள் தயாராக ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். 2019 ஜூலை 12 வந்தபோதும் ஏராளமானவர்கள் லைசென்ஸ் எடுத்திருக்கவில்லை. அதனால் அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த அந்தோணி லோக், அக்டோபர் 12 வரை மூன்று மாதம் கெடுபிடி இருக்காது என்று அறிவித்தார். அந்த மூன்று மாதத்தில் வகுப்புகளில் இருந்த கூட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேலை முடிந்த சீருடையோடு நேராக வகுப்புக்கு வந்தவர்கள் பலர்.

சரி, அந்த 6 மணி நேர வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? செயலி வழியாகப் பதிவு செய்தவரை மட்டும்தான் ஏற்றலாம், ரோட்டோரத்தில் கை காட்டுபவரை ஏற்றக் கூடாது. பயணி காரில் விட்டுப்போன பொருளை என்ன செய்வது. பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும், அது 2009 ஜனவரி முதலே கட்டாயம். கார் பழுதானால் பயணியை எங்கே நிறுத்தி வைப்பது. பெண் பயணி தனியாக ஏறினால் எப்படிப் பேசுவது, என்ன கேட்கக் கூடாது. இப்படித்தான் போகும். குலை லாரியில் உங்களுக்குப் பின்னால் பேசுகிற சரக்கு இருந்ததில்லை அல்லவா?

நம் ஊரில் இ-ஹெயிலிங் கூப்பிடுவது யார் என்று பாருங்கள். ஷாப்பிங் போகும் இளசுகள் கொஞ்சம்தான். தோட்டத்து வீடுகளிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும், வாரம் மூன்று முறை டயாலிசிசுக்கும் போகும் பெரியவர்கள்தான் அதிகம். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் கார் பிடித்து அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். டயாலிசிஸ் முடிந்து வரும் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். பலருக்கு அந்தக் கையில் ரத்தக் குழாயை இணைத்து அறுவைச் சிகிச்சை செய்திருப்பார்கள். தொட்டால் உள்ளே துடிப்பது தெரியும். ஏறும்போது உதவி செய்கிறேன் என்று அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன்மேல் பையை மாட்டக் கூடாது, பெல்ட் அழுத்தக் கூடாது. "எந்தக் கையம்மா?" என்று முதலில் கேட்க வேண்டும். மற்றக் கையைக்கூடப் பிடிக்க வேண்டாம், உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவராகவே பிடித்துக்கொள்வார். சிகிச்சை முடிந்த உடனே தலை சுற்றும், அதனால் கதவைத் திறந்து வைத்து அவசரப்படுத்தாமல் நில்லுங்கள். இதையெல்லாம் பரீட்சையில் கேட்பார்கள் என்று சொல்லவில்லை. நான் என் வகுப்பில் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இந்த வேலை என்பதே பாதி இதுதான்.

உங்களைப் போல் சம்மன் வாங்காத ஆள் இந்த வேலைக்கு வர வேண்டும், அண்ணே. ஒரு நாள் வகுப்புக்காகக் கோபித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

வயது 20. பி லைசென்ஸ். இப்போதே பி.எஸ்.வி. எடுத்து வைத்துக்கொள்ளலாமா?
- கல்லூரி மாணவன், கோலகங்சார்

முடியாது தம்பி. 21 வயது நிரம்ப வேண்டும், புதிய ஓட்டுநருக்கான பி காலம் இரண்டு வருஷமும் முடிந்து சி.டி.எல். ஆகியிருக்க வேண்டும். மலேசியக் குடிமகனாகவும் இருக்க வேண்டும். அதுவரை படிப்பைப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். கார் லைசென்சுக்கான கணினித் தேர்வைத் தமிழில் எழுதித் தேறினேன். இப்போது பி.எஸ்.வி. வகுப்பு முழுக்க மலாயில் நடக்கிறது என்கிறார்கள். பேச்சு மலாய் நன்றாக வரும், வாசிக்கத்தான் திணறுவேன். என்னால் முடியுமா?
- தையல் வேலை செய்யும் இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

முடியும், தங்கச்சி. பேச்சு மலாய் வருகிறதென்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

உங்களைப் போன்றவர்கள் தடுமாறும் இடம் எதுவென்று எனக்குத் தெரியும். விஷயம் தெரியாமல் தவறு செய்வதில்லை. கேள்வியின் நடுவில் 'கெச்சுவாலி' என்றோ 'புக்கான்' என்றோ ஒரு சொல் இருக்கும். அதைக் கவனிக்காமல் வாசித்தால் "கீழ்க்கண்டவற்றில் எதைச் செய்ய வேண்டும்" என்று புரியும். உண்மையில் கேட்டிருப்பது "எதைத் தவிர" அல்லது "எது அல்ல" என்பதை. முதலில் வரும் சரியான பதிலை அழுத்திவிட்டு வந்துவிடுவார்கள். வெளியே வந்து, "எல்லாம் தெரிந்த கேள்விதான், எப்படி விட்டேன்?" என்று கேட்பார்கள். அதனால் நான் சொல்லும் வழி இது: ஒவ்வொரு கேள்வியையும் வாய்க்குள் ஒரு தடவை முணுமுணுத்து வாசியுங்கள். காதால் கேட்டால் உங்களுக்கு மலாய் புரியும், கண்ணால் பார்த்தால்தான் புரியாது. உங்கள் காதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், பயிற்சிக் குறிப்பை முழுதாக மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தினம் ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத சொல்லைத் தமிழில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: பயணி, பதிவு, கட்டணம், அவசரம், புகார். கொஞ்ச நாளில் பக்கத்தில் எழுதுவது தானாகக் குறையும்.

இதை அதிகாரிகள் யாரேனும் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கார் லைசென்சுக்கான கணினித் தேர்வு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கிலும் இருக்கிறது. அதனால் ரோட்டில் விபத்து கூடிவிடவில்லை. நன்றாக ஓட்டும், நன்றாகப் பழகும் ஒரு பெண், வாசிப்பு வேகம் போதவில்லை என்பதற்காகப் பின்வாங்கினால் நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல. இரவு நேரத்தில் ஆண் ஓட்டுநரோடு தனியாக ஏறப் பயப்படும் தோட்டத்துப் பெண்களுக்கும்தான். பயணியோடு மலாயில் பேசத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரி. அதைப் பேச வைத்துச் சோதிக்கலாமே.

டாக்சி ஓட்டி ஓய்ந்தவன். இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு ரோடும் தெரியாது, கைப்பேசி சொல்லும் பக்கம் திரும்புகிறார்கள். ரோடு தெரியுமா என்பதை முதலில் சோதிக்க வேண்டாமா?
- பழைய டாக்சி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. பி.எஸ்.வி. பரீட்சையில் எனக்கு இருக்கும் பெரிய குறையே இதுதான்.

ஈப்போ டவுனில் கைப்பேசி வரைபடம் போதும். லிந்தாங் ரோட்டில் உள்ளே போகப் போக அது பொய் சொல்லத் தொடங்கும். தோட்டத்துக்குள் லாரி போகும் மண் பாதையையும் ரோடு என்றே காட்டும். மழைக்காலத்தில் சக்கரம் இறங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். இரவானால் பின்பக்கக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், காவலுக்கு ஜாகா இருப்பது முன்கேட்டில் மட்டும். வரைபடத்தில் பூட்டு தெரியாது. நம் ஆட்கள் வழி சொல்வதும் வேறு மாதிரி: மேட்டு லயம், பழைய பால் ஸ்டோர், முனியாண்டி கோயில் முச்சந்தி. பால் ஸ்டோரை இடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

என் மாணவி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். நிறைமாதம், வலி எடுத்துவிட்டது. வீட்டுக்காரர் இரவு வேலையில். கார் பிடித்தாள். வெளியூர்த் தம்பி ஒருவர், கைப்பேசி காட்டிய வழியில் வந்து பூட்டிய பின்கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். விளக்கு தெரிகிறது, ஆள் தெரிகிறது, உள்ளே வர வழியில்லை. அவருக்குச் சுற்றி வரும் பாதையும் தெரியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்துவர, அவள் வலியோடு செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்து போய் ஏறினாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பதறிப்போய், அவளை இறக்கிவிட்ட பிறகும் ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்டுநருக்கு 1865 முதல் ஒரு தேர்வு உண்டு. நகரின் நடுவிலுள்ள சாரிங் கிராஸ் என்ற இடத்திலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களையும் 320 பயண வழிகளையும் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தேறப் பல வருஷம் ஆகும். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. எந்தப் பக்கம் வேலை செய்யப் போகிறீர்களோ அந்த வட்டாரத்தின் தோட்டங்களுக்கு முன்கேட் எது, மழையில் போகாத பாதை எது, ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். நடத்துவதற்கு உங்களைப் போன்ற பழைய டாக்சிக்காரர்களைக் கூப்பிடலாம். நான் என் வகுப்பில் இதைச் செய்யத் தொடங்குகிறேன். உங்களுக்குச் சம்மதமென்றால் வந்து வெள்ளைப் பலகையில் வழி வரைந்து காட்டுங்கள் ஐயா. அழைப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகன் இலங்கைத் தமிழர். மகளோடு லண்டனில் இருக்கிறார். பல வருஷமாக அங்கே பி.சி.ஓ. லைசென்சில் வாடகைக் கார் ஓட்டுகிறார். இப்போது 'செரு' என்று ஒரு பரீட்சை, அதோடு ஆங்கிலத் தேர்வும் என்கிறார்கள். தேறாவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று சரியாகத் தூங்குவதில்லையாம். மகள் போனில் அழுகிறாள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?
- ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

தெரிந்தவரை சொல்கிறேன் அம்மா. மகளிடம் இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.

லண்டனில் முன்பதிவு செய்து ஏறும் வாடகைக் கார்களுக்கு 1998 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பி.சி.ஓ. என்று சொல்லும் அந்த லைசென்சைக் கொடுப்பது லண்டன் போக்குவரத்து நிறுவனம். நெடுநாள் அங்கே வரைபடம் பார்த்து வழி சொல்லும் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சோதனை இவைதான் முக்கியம். 2016 இல் ஆங்கிலமும் தெரிய வேண்டும் என்றார்கள், பி1 என்ற நடுத்தர நிலையில். பேசுவது கேட்பது மட்டுமல்ல, வாசிப்பும் எழுத்தும் சேர்த்து. ஊபர் நிறுவனம் நீதிமன்றம் போனது, 2017 மார்ச்சில் தோற்றது. அப்புறம் 2021 அக்டோபர் 1 முதல் செரு வந்தது. பாதுகாப்பு, சமத்துவம், விதிமுறைகள் மூன்றையும் ஓட்டுநர் புரிந்திருக்கிறாரா என்று பார்ப்பது. புதிதாக வருபவருக்கு மட்டுமல்ல, ஏற்கனவே ஓட்டுபவருக்கும் உண்டு. ஆனால் பழைய ஓட்டுநர்களுக்கான கெடுவைப் பல முறை தள்ளித் தள்ளி வைத்தார்கள். உங்கள் மருமகனின் தூக்கம் கெட்டதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இன்றைக்கு, நாளைக்கு என்று கெடு மாறிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் நிம்மதி இருக்கும்? குடும்பத்தை வைத்துக்கொண்டு பிழைப்பவர்களிடம் அப்படிச் செய்தது சரியில்லை என்பதே என் எண்ணம்.

பரீட்சை மட்டும் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் வடக்கே ராதராம் என்ற ஊரில் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதைப் பற்றி 2014 இல் வந்த விசாரணை அறிக்கை, சுமார் 1,400 பிள்ளைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. அந்தக் கொடுமையில் சில டாக்சி ஓட்டுநர்களுக்கும் பங்கு இருந்ததை அது சொன்னது. அதற்குப் பிறகுதான், ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காண ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பேச்சு அந்த நாட்டில் வலுத்தது. 2020 ஜூலையில் அரசே நாடு முழுவதற்குமான தர விதிகளை வெளியிட்டது. இரவில் ஒரு சிறுமியை ஓர் ஆள் கூட்டிவந்து காரில் ஏற்றி, நீங்கள் போங்கள், நான் பணம் கொடுத்துவிட்டேன் என்றால் ஓட்டுநர் என்ன செய்வார்? அதைத்தான் கேட்கிறார்கள். உங்கள் பேத்தி அந்த ஊரில்தானே வளர்கிறாள்?

இன்னொரு உதாரணம். கண் தெரியாத பயணி வழிகாட்டும் நாயோடு வந்தால் மறுக்கக் கூடாது, கூடுதல் காசும் கேட்கக் கூடாது. 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அது. உடல்நலக் காரணம் இருந்து, அதற்கான விலக்குச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் மறுக்கலாம். நாயைக் கண்டால் எனக்குப் பயம், காருக்குள் முடி கொட்டும் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

சரி, எப்படிப் படிப்பது? செரு கேள்விகள் அந்த நிறுவனத்தின் ஓட்டுநர் கையேட்டிலிருந்து வருகின்றன. இணையத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கிறது. நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும், விடுபட்ட சொல்லைச் சேர்த்து வாக்கியத்தை முடிக்கும் கேள்விகளும் உண்டு. இரண்டாவது வகையில்தான் பேச்சு ஆங்கிலம் நன்றாக உள்ளவர்களும் சறுக்குவார்கள். ஆகவே மகள் கையேட்டை உரக்க வாசிக்கட்டும். அவர் கேட்டுவிட்டு, அதே வாக்கியத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும். தினம் ஒரு பத்தி போதும். தவறும் சொற்கள் எவை என்று ஒரு வாரத்தில் அவருக்கே தெரிந்துவிடும். பேச்சுத் தேர்வுக்குத் தனியாகப் பயப்பட வேண்டாம். நாள் முழுக்கப் பயணிகளோடு பேசுகிறவர் அவர்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காசு கொடுத்தால் தேர்வில் தேற வைக்கிறேன் என்று எவனாவது வந்தால் கிட்டேயே சேர்க்க வேண்டாம். தேறாவிட்டால் திரும்ப எழுதலாம். அந்த வழியில் போய் மாட்டினால் லைசென்சை மறக்க வேண்டியதுதான்.

எனக்கு இனிப்பு நீர், ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பி.எஸ்.வி. மருத்துவப் பரிசோதனையில் மறைத்துவிடலாம் என்கிறான் நண்பன்.
- வாசகர், சிமோர்

மறைக்காதீர்கள் ஐயா. நோய் இருக்கிறது என்பதற்காகவே லைசென்ஸ் மறுக்க மாட்டார்கள். தொழில்முறை ஓட்டுநர்களைப் பரிசோதிக்கச் சுகாதார அமைச்சின் வழிகாட்டி இருக்கிறது, கட்டுப்பாட்டில் உள்ளதா என்பதைத்தான் டாக்டர் பார்க்கிறார். கண், காது, ரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார். வழக்கமாக மருந்து வாங்கும் கிளினிக்கின் சின்னப் புத்தகத்தைக் கூடவே எடுத்துப் போங்கள். பல மாத அளவுகள் அதில் இருக்கும், உங்களுக்குச் சாதகமாகவே பேசும்.

சர்க்கரை கூடுவதைவிட, ஓட்டும்போது திடீரென்று இறங்குவதுதான் ஆபத்து. வியர்க்கும், கை நடுங்கும், கண் மங்கும், பிறகு சுயநினைவே தடுமாறும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, பதிவு வந்துவிட்டது என்று பசியாறாமல் கிளம்பாதீர்கள். நம் ஆட்களில் பலர் செய்வது இதைத்தான். காரில் இனிப்பு மிட்டாயோ பாக்கெட் ஜூஸோ இருக்கட்டும். நடுக்கம் தெரிந்தால் பயணியிடம் சொல்லிவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். எந்தப் பயணியும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

அண்ணன் பி.எஸ்.வி. எடுத்து, கணக்கும் திறந்துவிட்டார். பகலில் அவர் ஓட்டுகிறார். இரவில் அதே காரை அவர் கணக்கிலேயே நான் ஓட்டினால் யாருக்குத் தெரியும்?
- பெயர் வேண்டாம்

உங்களுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், காரில் ஏறும் பெண்ணுக்கும் தெரியும். கைப்பேசியில் ஒரு முகம், ஸ்டியரிங்கில் வேறு முகம் என்றால் அவள் எப்படி நிம்மதியாக உட்காருவாள்? இத்தனை சோதனையும் அந்த ஒரு முகத்தை நம்பி ஏறலாம் என்பதற்காகத்தான்.

லைசென்ஸ் இல்லாமல் கூலிக்கு ஆள் ஏற்றுவது குற்றம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் உங்கள் பக்கம் நிற்காது. பயணிக்கு அடிபட்டால் நஷ்டஈடு உங்கள் வீட்டை விற்றும் தீராது, அண்ணனின் கணக்கும் போய்விடும். வேலை தேவைப்படுகிறது என்று புரிகிறது தம்பி. வகுப்புக்கு வந்து உங்கள் பெயரிலேயே எடுங்கள். கட்டணத்துக்குச் சிரமம் என்றால் என்னிடம் சொல்லுங்கள், தவணையில் கட்ட ஏற்பாடு செய்கிறேன்.

என் கணவர் பி.எஸ்.வி. தேறி ஓட்டத் தொடங்கிவிட்டார். தோட்டத்து வேலையில் இருந்தபோது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு இருந்தது. இப்போது அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?
- வாசகி, சுங்கை சிப்புட்

இப்போதும் சொக்சோதான் அம்மா, ஆனால் வேறு திட்டம். சுயதொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம், எண் 789, 2017 ஜூன் 1 இல் நடைமுறைக்கு வந்தது. அதில் முதலில் சேர்க்கப்பட்டவர்களே டாக்சி, இ-ஹெயிலிங் ஓட்டுநர்கள்தான். நான்கு படி வைத்திருக்கிறார்கள். மாத வருமானம் 1,050 ரிங்கிட் என்று கணக்கிட்டு வருஷத்துக்கு 157.20 ரிங்கிட் கட்டுவது முதல் படி. 3,950 ரிங்கிட் கணக்கில் 592.80 கட்டுவது கடைசிப் படி. எவ்வளவு கட்டுகிறோமோ அதற்கேற்றபடிதான் அடிபட்டால் வரும் தொகையும். நம் ஆட்கள் யோசிக்காமல் குறைந்த படியைத்தான் எடுக்கிறார்கள். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான் என்றால் ஒரு படி மேலே எடுங்கள், அந்த வித்தியாசம் ஒரு மாதத்துத் தேத்தண்ணிக் காசுகூட வராது.

வேலையில் நடந்த விபத்துக்கும் வேலையால் வந்த நோய்க்கும்தான் இது. தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை வாங்க, டாக்டர் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு எழுதியிருக்க வேண்டும். கிக் வேலை, அதாவது நிரந்தர முதலாளி இல்லாமல் ஒவ்வொரு வேலையாக எடுத்துச் செய்பவர்களுக்கான புதிய சட்ட மசோதாவையும் மக்களவை 2025 ஆகஸ்ட் 28 இல் நிறைவேற்றியது. ஆனாலும் சொக்சோ பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிச் செயலியின் பயண விவரத்தை உடனே படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள், விபத்து நடந்தபோது அவர் வேலையில் இருந்தார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. போலீஸ் புகார் 24 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அடி சிறியதாகத் தெரிந்தாலும் அன்றே கிளினிக் போகட்டும், இது வேலையில் நடந்த விபத்து என்று சொல்லி அதையும் சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.